மெலித்தா நிறுத்திய இடம்

"இதை எந்தக் கயித்துல கட்டுவீங்க, பூசாரியம்மா?"

துணியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டுதான் நிகரேத்தா இதைக் கேட்டாள். கொடுக்க வந்தவள் பிடிக்கிற பிடி அல்ல அது.

பூசாரி மிக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தெளித்து முடித்து, குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"யாரு நெய்தது?"

"என் மக. மெலித்தா."

"பிழைச்சாளா?"

"பிழைச்சா."

"அப்ப வலப்பக்கக் கயிறு."

நிகரேத்தா மூச்சை விட்டாள்.

இந்தக் கயிற்று விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாட்டில், கடலோரச் சதுப்பு நிலத்தில், ஆர்த்தெமிசுக்கு ஒரு கோயில் இருந்தது. ஆர்த்தெமிஸ் கன்னித் தெய்வம். தான் ஒரு பிள்ளை பெற்றவள் இல்லை. ஆனால் பிள்ளை பெறுகிற அத்தனை பெண்களின் உயிரும் அவள் கையில். ஏன் அப்படி என்று கேட்காதீர்கள், அங்கே யாரும் கேட்கவில்லை.

சூல் கொண்ட பெண் தெய்வத்துக்கென்று ஒரு துணி நெய்யத் தொடங்குவாள். பிள்ளை பெற்றுப் பிழைத்தால் நெய்து முடித்துக் கொண்டுவந்து சாத்துவாள். அது வலப்பக்கக் கயிற்றில் தொங்கும்.

பிழைக்காதவளின் துணி பாதியில் நிற்கும். அதைத் தறியிலிருந்து அப்படியே அறுத்து, நெடுக்காகத் தொங்குகிற பாவு நூலோடு வீட்டார் கொண்டுவருவார்கள். அது இடப்பக்கக் கயிறு. அந்தப் பக்கத்துக்குத் தெய்வமும் வேறு. பெற்ற அப்பனே பலிபீடத்தில் ஏற்றிய பெண், பிறகு தெய்வமானவள் என்று சொல்வார்கள்.

ஆண்பிள்ளை போரில் செத்தால் ஊர் நடுவே கல் நட்டுப் பேர் வெட்டுகிற தேசம் அது. பிரசவத்தில் செத்தவளுக்கு அந்தக் கயிற்றில் ஒரு சாண் இடம். அவ்வளவுதான்.

நிகரேத்தா கொண்டுவந்தது முழுத் துணி. வெள்ளை ஆட்டு உரோமத்தில், குங்குமப்பூ நிறத்தில் கரை போட்ட மேலாடை.

ஆனால் மெலித்தா செத்துப்போயிருந்தாள்.

மகள் செத்த வீட்டில், சம்பந்தியம்மாள் பார்க்கப் பார்க்க, நிகரேத்தா அந்தத் தறியின் முன்னால் போய் நின்றாள். அந்த ஊர்த் தறி நின்றுகொண்டு நெய்கிற தறி. நின்றாள், நெய்தாள், முடித்தாள். எங்கே மகள் விட்டாள், எங்கே தாய் தொட்டாள் என்று எவருக்கும் ஒட்டுத் தெரியாதபடி நெய்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சம்பந்தியம்மாள் நினைத்தாள். பைத்தியம் இல்லை. அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. பிழைத்தவர்கள் வரிசையில் தன் பெண்ணும் தொங்க வேண்டும்.

அதற்காகத் தெய்வத்திடமே பொய் சொல்ல வந்திருந்தாள்.

"அப்ப கட்டிடுங்க" என்று துணியை நீட்டினாள்.

மிக்கா வாங்கவில்லை.

"வலப்பக்கத்துல பிழைச்சவதான் தன் கையால கட்டணும். உங்க மக எங்க?"

நிகரேத்தா இதை எதிர்பார்க்கவில்லை. "தீட்டு கழியலையே. பச்சை உடம்புக்காரி. படுத்திருக்கா."

"என்ன பிள்ளை?"

"ஆம்பளைப் பிள்ளை. சிரிச்சா கன்னத்துல குழி விழுது."

"பிரசவத்தப்ப பக்கத்துல யாரு இருந்தது?"

"நான்தான். வலி எடுத்த நேரத்துலேர்ந்து கையை விடாமப் பிடிச்சுக்கிட்டு நான்தான் இருந்தேன்."

மிக்கா அவளைப் பார்த்தாள். வெயில் கொளுத்தியும் நிகரேத்தா முக்காட்டை விலக்கவில்லை. காதோரம் சற்றே விலகிய இடத்தில் கூந்தல் இல்லை, கத்தரித்த கட்டை மயிர்தான் இருந்தது. சாவு விழுந்த வீட்டுப் பெண்கள்தான் அங்கே கூந்தலை அறுப்பார்கள். அதோடு, வந்ததிலிருந்து அவள் வாசற்படிக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லத் துணிந்தவளுக்குச் சாவுத் தீட்டோடு படியை மிதிக்க மட்டும் துணிவு வரவில்லை.

மிக்கா இரண்டையும் பார்த்தாள்.

"சரிம்மா. அப்ப காத்திருப்போம்."

"எதுக்கு?"

"உங்க மக வர்றதுக்கு. தீட்டு கழிஞ்சா வருவாள்ல. வந்து அவளே கட்டட்டும். அதுவரைக்கும் நீங்க வெளிக் கொட்டகையில தங்கிக்குங்க."

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வரமாட்டாள் என்று சொல்ல முடியாது. காத்திருக்க மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. நிகரேத்தா துணியை மறுபடி மடியில் அமுக்கிக்கொண்டாள்.

"இருக்கேன்" என்றாள்.

மத்தியானம் மிக்கா வாற்கோதுமைக் கஞ்சியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கூடவே மூன்று கிண்ணம்.

மூன்றிலும் ஊற்றினாள்.

"மூணாவது யாருக்கு?"

"மெலித்தாவுக்கு. திடீர்னு வந்துட்டா? நடந்து வந்தா பசிக்கும்ல."

நிகரேத்தா தன் கஞ்சியைத் தொடவில்லை. மிக்கா நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, ஆடை கட்டிப்போன மூன்றாவது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளும் மூன்று கிண்ணம். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

படுக்க இரண்டு பாய் போதும் என்கிற இடத்தில் மூன்று பாய் விரித்தாள். ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தால் மூன்று குவளை. நிகரேத்தாவுக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டே வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தாள்.

"உனக்கு என்ன வயசு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். மரியாதையெல்லாம் போய்விட்டது. "என் மகளைவிட நாலு வயசு கூட இருப்பியா? உனக்கு யாரு பூசாரிப் பட்டம் குடுத்தா?"

"ஊர்தான் குடுத்துச்சு" என்றாள் மிக்கா. "உங்க மக என்னைவிடச் சின்னவளா? கறுப்பா, சிவப்பா?"

"என் நிறம். என் கண்ணு. நடை மட்டும் அவங்கப்பா மாதிரி, காலை இழுத்து இழுத்து வப்பா."

சொல்லிவிட்டு நிகரேத்தாவே திகைத்தாள். மகள் செத்த பிறகு யாரும் அவள் நடையைப் பற்றிக் கேட்கவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று. ரத்தம் நிற்கவே இல்லையா?

"எள்ளுருண்டை பிடிக்குமா அவளுக்கு? வந்தா செஞ்சு தரலாம்."

"எள்ளா? தொட மாட்டா. பல்லுல ஒட்டிக்குமாம். மகாராணி."

மிக்கா சிரித்தாள். நிகரேத்தாவும் சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. சின்ன வயதில் மெலித்தா கோழிக்குஞ்சை மேலாடைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியதைச் சொன்னாள். கல்யாணத்தன்று வண்டியில் ஏறமாட்டேன் என்று அடம் பிடித்ததைச் சொன்னாள். தறியில் நின்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவாள் என்று சொன்னாள். "எல்லாம் நான் பழக்கினதுதான். அஞ்சு வயசுல முக்காலி போட்டு ஏத்திவிட்டேன்." இன்னும் வந்துசேராத பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசினாள். பேசும்போது முகத்தில் களை வந்தது. நாலு பேச்சுக்கு ஒருதரம் பாதையைக்கூட எட்டிப் பார்த்தாள்.

பாவம், பார்த்தவர்களுக்குத் தாங்கியிருக்காது. கயிற்றில் துணி கட்ட வந்துபோன மற்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் மிக்கா கஞ்சிக்குப் பதிலாகப் பருப்பு வேகவைத்துக் கொண்டுவந்தாள். வெங்காயம் போட்டிருந்தாள். மூன்று கிண்ணத்திலும் ஊற்றினாள்.

நிகரேத்தா என்னவோ பேசிக்கொண்டே மூன்றாவது கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அதிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துத் தன் கிண்ணத்தில் போட ஆரம்பித்தாள். ஒரு துண்டு. இன்னொரு துண்டு.

"வெங்காயம் ஆகாது அவளுக்கு. சின்னதுலேர்ந்தே இப்படித்தான், நான் பொறுக்கிக் குடுத்தாத்தான்..."

பேச்சு அறுந்தது.

கிண்ணத்தைப் பார்த்தாள். பொறுக்கிப் பொறுக்கிச் சுத்தமாக வைத்திருந்தாள். சாப்பிட ஆள் இல்லை.

"நாளைக்கு ஊத்தாத" என்றாள்.

"ஏம்மா?"

"அவ வரமாட்டா."

"நாளன்னைக்கு?"

"என்னைக்கும் வரமாட்டா."

நிகரேத்தா முக்காட்டை எடுத்துக் கீழே போட்டாள். கோணல் மாணலாக அறுத்த தலை. தானே அறுத்துக்கொண்டது என்று பார்த்தாலே தெரிந்தது.

"பிள்ளை?" என்று மிக்கா கேட்டாள்.

"அவனும்தான். அழக்கூட இல்ல. கன்னத்துல குழியெல்லாம் நானா சொன்னது. அவன் முகத்தை எனக்கு யாரும் காட்டல."

மிக்கா கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். பூசாரி அழலாமா என்று கேட்பவர்கள் அந்தக் கொட்டகையில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு பேரும் அழுது ஓய்ந்த பிறகு நிகரேத்தா துணியை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. இடப்பக்கமே கட்டு."

மிக்கா இப்போதும் வாங்கவில்லை.

"முழுத் துணியை இடப்பக்கம் கட்டறதில்லம்மா."

"வலப்பக்கமும் ஆகாது, இடப்பக்கமும் ஆகாதுன்னா நான் இதை எங்கதான் கொண்டுபோறது?"

"இடப்பக்கத்துல அவ நெய்தது மட்டும்தான் போகணும். உங்களுதைப் பிரிச்சுடுங்க."

நிகரேத்தா அவளை முறைத்தாள். கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் சொன்னதில் தப்பு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் கொட்டகை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அடி முடிச்சை அவிழ்த்தாள். குறுக்கே ஓடுகிற ஊடை நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

அவள் நெய்தது வர ஆரம்பித்தது.

முதலில் வேகமாகப் பிரித்தாள். ஆத்திரம்தான் பிரித்தது. கடைசிப் பகுதி அவளுடையது என்பதில் சந்தேகமே இல்லை, அழுதுகொண்டே நெய்தது, கோணியிருந்தது. நெளிநெளியாக வந்த நூலை மிக்கா பக்கத்தில் உட்கார்ந்து உருண்டையாகச் சுற்றினாள். ஊடை போகப் போக, துணியின் அடியில் பாவு நூல் வெறுமனே தொங்க ஆரம்பித்தது. தாடி மாதிரி நீண்டுகொண்டே வந்தது.

வெயில் ஏறியது. நிகரேத்தாவின் வேகம் குறைந்தது.

ஒவ்வொரு இழையாகப் பார்த்துப் பார்த்து இழுத்தாள். பிறகு இழுப்பதற்கு முன் தடவிப் பார்த்தாள். பிறகு துணியை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். திருப்பினாள். மறுபடி தூக்கிப் பிடித்தாள்.

"தெரியலையே" என்றாள்.

"என்னம்மா?"

"எங்க நிறுத்தினான்னு தெரியலையே. எல்லாம் ஒரே கையா இருக்கே."

நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அவள் பழக்கிய கை. அவள் இழுக்கிற இறுக்கம், அவள் விடுகிற நெகிழ்ச்சி, கரைக்குப் பக்கத்தில் அவள் கொடுக்கிற ஒரு சின்ன அழுத்தம், எல்லாம் அப்படியே மகளுக்கும் இருந்தது. போதாததற்கு, பூசாரி கண்ணில் படக்கூடாது என்று வித்தியாசம் தெரியாதபடி நெய்தவளும் அவளேதான்.

"தறி முன்னால போய் நின்னப்ப பார்த்திருப்பீங்கல்ல?"

"பார்க்கல. பார்த்தா அங்கேயே நின்னுடுவேன்னு பயந்து, கண்ணை வேற பக்கம் வச்சுக்கிட்டுத்தான் முதல் இழையை விட்டேன்."

"வலி எடுத்தப்ப எவ்வளவு நெய்திருந்தா? நீங்க பக்கத்துல இருந்ததாச் சொன்னீங்களே."

நிகரேத்தா தூக்கிப் பிடித்த துணியைத் தாழ்த்தினாள்.

"இல்ல" என்றாள். "நான் இங்க இருந்தேன்."

"எங்க?"

"இங்கதான். இதே வாசல்ல. தேன் பணியாரம் சுட்டு எடுத்துக்கிட்டு, அவ்வளவு தூரம் நடந்து வந்து, உன் தெய்வத்துக்கு முன்னால நின்னுக்கிட்டிருந்தேன். என் பொண்ணைக் காப்பாத்துன்னு. கூட்டமா இருந்துச்சு, நீ என்னைக் கவனிச்சிருக்க மாட்ட. அங்க அவ தறியில நின்னுக்கிட்டிருந்தா. நாள் இருக்கு, போய்ட்டு வந்துடலாம்னு நினைச்சேன். முன்னாடியே வந்துடுச்சு வலி. எந்த இழையில வந்துச்சோ. அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம். கோயிலுக்குப் போயிருக்கான்னு சொன்னாங்களாம்."

மிக்கா தெய்வத்துக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நிகரேத்தா அந்தக் கணமே எழுந்து போயிருப்பாள்.

உள்ளே வலப்பக்கக் கயிற்றில் எவளோ ஒருத்தி தன் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் வெளியே வந்தது. நிகரேத்தா காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கையில் துணி இருந்தது.

"இன்னொரு இழையை இழுத்தா, அது அவ நெய்ததா இருந்துடும்" என்றாள். "என் கையாலேயே அவளைப் பிரிச்ச மாதிரி ஆயிடும். இழுக்காம விட்டா, நான் நெய்தது அவமேல ஒட்டிக்கிட்டு நிக்கும். தெய்வம் ஏத்துக்காது. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

"இழுங்க" என்றாள் மிக்கா.

நிகரேத்தா நூலின் நுனியைப் பிடித்தாள்.

பிடித்தபடியே இருந்தாள்.

பாவு நூல்கள் காற்றில் ஆடின. அவள் கை அசையவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு உரோம நூல், அதை ஒரு மயிரிழை தூரம்கூட இழுக்க அவளுக்கு வலு இல்லை.

"முடியல" என்றாள். "என்னால முடியலடி."

மிக்கா குனிந்தாள். அந்த நூல் துணிக்குள் போய் மறைகிற இடத்தில் தன் விரலை வைத்தாள்.

"இங்கதான் நிறுத்தினா."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பார்த்தியா?"

"உங்க கை இங்கதானேம்மா நின்னுது."